இத்தனை வாழை ரகங்கள் இருந்தும் ரஸ்தாளியை வாடல் நோயிலிருந்து ஏன் காப்பாற்ற முடியவில்லை?

கேள்வி இதுதான். ரஸ்தாளி வைத்த வயல் பனாமா வாடலில் போகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் பூவன் ஒன்றும் ஆகாமல் தார் தள்ளி நிற்கிறது. தமிழ்நாட்டில் பூவன், மொந்தன், நேந்திரன், கற்பூரவல்லி, பச்சநாடன், நெய்ப்பூவன், மட்டி, செவ்வாழை என்று இவ்வளவு ரகங்கள் இருக்கும்போது, நோய் தாங்கும் ஒன்றை ரஸ்தாளியோடு கலந்து வாடாத ரஸ்தாளியை ஏன் இன்னும் கொடுக்கவில்லை? ஆராய்ச்சிக்காரர்கள் தூங்குகிறார்களா?

தூங்கவில்லை. இந்தியாவில் வாழைக் கலப்பின வேலை 1949இலேயே ஆடுதுறையில் தொடங்கிவிட்டது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. பூவனும் ரஸ்தாளியும் விதை வைக்காத வாழைகள். விதை இல்லாமல் கலப்பினம் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்தையில் நாம் பார்க்கும் ரக வளமும், நோயை எதிர்த்து நிற்கும் மரபணு வளமும் ஒன்றல்ல. தோல் நிறம், தார் அளவு, புளிப்பு, மணம் என்று நம் ரகங்கள் எவ்வளவோ வேறுபடுகின்றன. ஆனால் நோய்க்கு எதிரான மரபணுக்களில் பெரும்பகுதி, யாரும் வாயில் வைக்க விரும்பாத, விதை நிறைந்த காட்டுக் கொட்டைவாழைகளிடம்தான் இருக்கிறது. அவற்றை அங்கிருந்து எடுத்து நம் பழத்துக்குள் கொண்டுவருவதற்குள் ஒரு ஆராய்ச்சியாளரின் பணிக்காலமே முடிந்துவிடும்.

முதலில் செடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நாம் தின்னும் வாழைகள் ஏறத்தாழ எல்லாமே இரண்டு காட்டு இனங்களிலிருந்து வந்தவை. ஒன்று மூசா அக்யூமினாட்டா, மற்றது மூசா பால்பிசியானா. ஆராய்ச்சியாளர்கள் முதலாவதன் குரோமோசோம் தொகுதியை ‘ஏ’ என்றும், இரண்டாவதன் தொகுதியை ‘பி’ என்றும் குறிப்பார்கள். ஒரு தொகுதியில் 11 குரோமோசோம்கள். காட்டு வாழைக்கு இரண்டு தொகுதிகள், ஆக 22. கன்னியாகுமரி மட்டி ‘ஏஏ’, நெய்ப்பூவன் ‘ஏபி’; இவை இரண்டு தொகுதிகளோடு நின்றுவிட்டவை. மற்றபடி நாம் பெரிய அளவில் பயிரிடுபவை மூன்று தொகுதிகள் கொண்ட மும்மய வாழைகள். பச்சை வாழையும் செவ்வாழையும் ‘ஏஏஏ’. ரஸ்தாளி, பூவன், நேந்திரன், பச்சநாடன், விருப்பாட்சி எல்லாம் ‘ஏஏபி’. மொந்தனும் கற்பூரவல்லியும் ‘ஏபிபி’.

மூன்று தொகுதிகள் இருப்பதால்தான் செடி தடித்து, தார் பெருத்து வருகிறது. மகரந்தமும் சூலும் உருவாகும்போது குரோமோசோம்கள் இரண்டு இரண்டாகப் பிரிய வேண்டும். மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க வழியில்லை. அதனால் மகரந்தத்தில் பெரும்பகுதி மலடு, சூலிலும் பெரும்பகுதி மலடு. பழத்தைத் தின்பவருக்கு அது வரம். ரகம் உருவாக்க வருபவருக்கு வழியெல்லாம் அடைத்த சுவர். கற்பூரவல்லியில் எப்போதாவது ஒரு கொட்டை பல்லில் கடிபடுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ரகத்தின் பெண்மை முழுக்க அற்றுப்போகவில்லை, வளமான மகரந்தம் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ரஸ்தாளியில் அப்படிக் கிடைப்பது மிகமிக அரிது.

விதை இல்லாததால் கன்று எடுத்துத்தான் நடுகிறோம். தாய்க்கிழங்கிலிருந்து வரும் கன்று தாயின் அச்சு அசல். பப்புவா நியூகினியின் குக் சதுப்பு நிலத்தில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிடப்பட்டதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. அந்த நீண்ட காலத்தில் எங்கோ சில இடங்களில், சில தடவை மட்டும், தற்செயலாக ஒரு மும்மய வாழை பிறந்திருக்கிறது. யாரோ ஒருவர் அதன் ருசியை அறிந்து கன்று பிரித்து நட்டார். அதன்பின் கை மாறிக் கை மாறி உலகம் முழுக்கப் போனது. இடையில் சின்னச் சின்ன மொட்டு மாற்றங்கள், அதாவது கன்றில் தானாக வரும் மரபு மாற்றங்கள், நடந்தன. குட்டை, நெட்டை, சிவப்பு, பச்சை, சாம்பல் பூத்த தோல் என்று புதுப் பெயர்கள் கிளம்பின. ஆனால் நோய் எதிர்ப்பைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் அந்த முதல் பிறப்பில் எப்படி இருந்தனவோ, பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன.

ரஸ்தாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் அது ரசபாளே, ஆந்திரத்தில் அம்ருதபாணி, வங்காளத்தில் மர்த்தமான், இலங்கையில் கோழிக்கூடு, பிரேசிலில் மாசா. ஆராய்ச்சியாளர்கள் இவற்றையெல்லாம் ‘சில்க்’ என்ற ஒரே குழுவில் வைக்கிறார்கள். எங்கெல்லாம் பயிரிட்டார்களோ அங்கெல்லாம் பனாமா வாடல் அதைத் துரத்திப் பிடித்தது. புவிசார் குறியீடு பெற்ற நஞ்சன்கூடு ரசபாளே கிட்டத்தட்ட அழிவின் விளிம்புக்கே போனது வாடலால்தான். பிரேசிலில் மாசா வாழைக்கும் இதே கதி. ஊருக்கு ஊர் தனி ரகம் என்று நாம் பெருமைப்படுபவை, பூஞ்சாணத்தின் பார்வையில் ஒரே செடிதான். ஒரு தெரு முழுக்க எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டுப் போட்டுவிட்டால், ஒரு சாவி செய்தவனுக்குத் தெருவே திறந்ததுதானே.

அந்தச் சாவியின் பெயர் பியூசேரியம். மண்ணில் வாழும் பூஞ்சாணம். வேர் வழியாக நுழைந்து நீர்க்குழாய்களுக்குள் வளர்ந்து அவற்றை அடைக்கிறது. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டின் அடி வெடிக்கும். கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். தடித்த சுவருள்ள அதன் வித்துகள் வாழையே இல்லாத மண்ணிலும் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். முற்றிலும் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அதனால்தான் எதிர்ப்புத் திறன் என்ற பேச்சு வாழையில் இவ்வளவு முக்கியம். இலைப்புள்ளி நோய்க்குத் தெளிக்கலாம். செலவு ஆகும், சுற்றுச்சூழல் கெடும், ஆனாலும் ஒரு வழி உண்டு. மண்ணில் குடியிருக்கும் வாடலுக்கு அதுகூட இல்லை.

இந்த நோயின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பாதி விடை அங்கே இருக்கிறது. 1876இல் ஆஸ்திரேலியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் இது. பிறகு மத்திய அமெரிக்காவில் வெடித்ததால் பனாமா பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகள் அன்று ‘குரோ மிஷேல்’ என்ற ஒரே வாழையை நம்பியிருந்தன. காடு அழித்துத் தோட்டம், தோட்டம் வாடியதும் விட்டுவிட்டு அடுத்த காடு என்று பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். 1960 வாக்கில் ஏற்றுமதியிலிருந்து குரோ மிஷேல் ஏறத்தாழ மறைந்தது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது கேவண்டிஷ். நம் ரொபஸ்டா, ஜி-9 எல்லாம் அந்தக் குழுதான்.

குரோ மிஷேலும் கேவண்டிஷும் மரபு வழியில் நெருங்கிய சொந்தங்கள். மூன்றில் இரண்டு தொகுதிகள் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. வாடல் பூஞ்சாணத்தில் பல வகைகள் உண்டு; அப்படியிருந்தும் குரோ மிஷேல் முதல் வகைப் பூஞ்சாணத்தால் அழிந்தது, கேவண்டிஷ் நின்றது. எதிர்ப்பு என்பது செடியின் மொத்த உருவத்தையும் ருசியையும் பொறுத்த விஷயமல்ல. எங்கோ ஓரிடத்தில் இருக்கும் சில மரபணுக்களின் விஷயம் அது.

குரோ மிஷேலிடம் படித்த பாடத்தை உலகம் கேவண்டிஷில் மறுபடி மறந்தது என்பது என் வருத்தம். மீண்டும் ஒரே குளோன், மீண்டும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே செடி. 1960களின் இறுதியில் தைவானில் கேவண்டிஷ் வாடத் தொடங்கியது. 1990களில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கேவண்டிஷை வாட்டும் வெப்பமண்டல நான்காம் வகைப் பூஞ்சாணம் அடையாளம் காணப்பட்டது. சுருக்கமாக டி.ஆர்.4. அது போய்ச் சேர்ந்த நாடுகள்: 2013இல் ஜோர்டான், மொசாம்பிக், 2019இல் கொலம்பியா, 2021இல் பெரு, 2023இல் வெனிசுவேலா. இந்தியாவில் பீகாரின் கட்டிஹார், பூர்ணியா பகுதிகளிலும் உத்தரப் பிரதேசத்திலும் வந்துவிட்டது. இதற்கிடையில் நம் தேனி மாவட்டத்தில், கேவண்டிஷைத் தொடாது என்று நம்பியிருந்த முதல் வகைப் பூஞ்சாணமே கேவண்டிஷைத் தாக்குவதாக 2010இல் அறிக்கை வந்தது. இதை நான் பெரிய எச்சரிக்கையாகப் பார்க்கிறேன். எதிர்ப்புள்ள ரகம் என்று பட்டியலில் எழுதிவிட்டால் அது சாசனம் அல்ல. செடி மாறாமல் நிற்கும்போது பூஞ்சாணம் மாறிக்கொண்டே இருக்கிறது.

சரி, கலப்பினம் எப்படித்தான் செய்கிறார்கள்?

மும்மய வாழை முழு மலடு அல்ல. ஆயிரத்தில் ஒரு சூல், குரோமோசோம்களைப் பிரிக்காமல் மூன்று தொகுதிகளையும் அப்படியே சுமந்துகொண்டு தப்பிவிடும். அதன்மேல் காட்டு வாழை அல்லது தேர்ந்த இருமய (இரண்டு தொகுதி கொண்ட) வாழையின் மகரந்தம் பட்டால், மூன்றும் ஒன்றும் சேர்ந்து நான்கு தொகுதி கொண்ட நான்மய விதை கிடைக்கும். இதற்காகப் பூவிதழ் விரியும் நேரத்தில் ஒவ்வொரு சீப்பாகக் கையால் மகரந்தம் தடவ வேண்டும். தார் முதிர்ந்ததும் பழுக்கவைத்து, கூழாக்கி, சல்லடையில் சலித்து விதை தேட வேண்டும். தார் தாராகச் சலித்தும் ஒன்றும் கிடைக்காமல் போவது சாதாரணம். கிடைத்த விதை தானாக முளைக்கும் என்று நம்ப முடியாது. ஆய்வகத்தில் கருவை மட்டும் பிரித்தெடுத்துக் குழாயில் வளர்க்க வேண்டும். பிறகு வயலில் நட்டு, தார் போடும் வரை காத்திருந்து, நோயுள்ள மண்ணில் சோதித்து, ருசி பார்த்து, பெரும்பாலானவற்றைக் கழித்துக்கட்ட வேண்டும். காட்டுத் தந்தை நோய் எதிர்ப்பை மட்டும் தனியாகத் தருவதில்லை. கொட்டை, சிறு தார், ருசியற்ற சதை எல்லாம் சேர்ந்தே வரும். அவற்றைக் கழிக்க மேலும் சில தலைமுறைக் கலப்பு வேண்டும்.

ஆடுதுறையில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1984இல் கோ-1 வாழையை வெளியிட்டது. லாடன் என்ற ‘ஏஏபி’ ரகத்தோடு சவாய் என்ற பால்பிசியானா காட்டு வாழையைச் சேர்த்து, அந்தக் கலப்பை மறுபடி கதலியோடு சேர்த்து எடுத்தது. மலையில் மட்டும் விளையும் விருப்பாட்சியின் குணத்தைச் சமவெளிக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். ஆரம்பித்து ரகமாக வெளிவர எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன பாருங்கள். கேரளத்தில் கண்ணாறை வாழை ஆராய்ச்சி நிலையம் அக்னீஸ்வர் என்ற ரகத்தைப் பிசாங் லிலின் என்ற வாழையோடு சேர்த்து பி.ஆர்.எஸ்-1 என்ற ரகத்தை எடுத்தது. இவை எல்லாமே மதிக்க வேண்டிய உழைப்பு.

உலக அளவில் பெரிய வெற்றி ஹோண்டுராஸில் கிடைத்தது. அங்குள்ள விவசாய ஆராய்ச்சி அறக்கட்டளையில் பில் ரோவ் என்பவரும் குழுவினரும் உருவாக்கிய எஃப்.எச்.ஐ.ஏ-01, ‘கோல்ட்ஃபிங்கர்’ என்ற பெயரில் பிரபலம். அதன் தாய் பிரேசிலின் பிராட்டா அனா. நம் விருப்பாட்சியும் சிறுமலையும் பச்சநாடனும் சேர்ந்த அதே குழு. தந்தை வழியில் பிசாங் ஜாரி புவாயா என்ற மலாய் நாட்டு இருமய வாழை இருக்கிறது. வேரைத் துளைக்கும் நூற்புழுவைத் தாங்கும் குணம் அதனிடமிருந்து வந்தது. கோல்ட்ஃபிங்கர் பனாமா வாடலின் முதல் வகையையும் கறுப்பு இலைப்புள்ளி நோயையும் தாங்குகிறது. பூச்சிமருந்து வாங்கப் பணமில்லாத காலத்தில் கியூபா இந்த வரிசை ரகங்களைப் பரவலாக நட்டது. ஏற்றுமதிச் சந்தை மட்டும் கேவண்டிஷ் ருசிக்குப் பழகிய நாக்கோடு ஏற்க மறுத்துவிட்டது. நோய் எதிர்ப்பு இருந்தும் வாங்குபவர் மறுத்தால் ரகம் நிற்காது. ரகத் தேர்வில் பாதி வேலை சந்தையில்தான் நடக்கிறது.

உகாண்டாவின் கதையில் நமக்கு ஒரு பங்கு உண்டு. அங்கே மக்களின் அன்றாட உணவு மடோக்கே என்ற சமையல் வாழை. கறுப்பு இலைப்புள்ளி அதைத் தாக்கியபோது எதிர்ப்புத் தந்தது ‘கல்கத்தா-4’ என்ற காட்டு வாழை. கல்கத்தா தாவரவியல் பூங்காவிலிருந்து உலகச் சேகரிப்புகளுக்குப் போன கொட்டைவாழை அது. சதை என்று சொல்ல ஒன்றுமில்லாத, வியாபாரத்துக்கு ஒரு பைசா பெறாத செடி. அந்தச் செடியின் மகரந்தத்தை மடோக்கேயில் சேர்த்து நான்மயம் ஆக்கி, அதை மறுபடி ஒரு தேர்ந்த இருமய வாழையோடு சேர்த்து மும்மயத்துக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்த முதல் ரகம் 2010இல் உகாண்டாவில் வெளியானது. யாராவது ஒரு அதிகாரி, பயனற்ற செடி என்று அந்தப் பூங்காவில் அதை வெட்டிப் போட்டிருந்தால் இந்த வழியே இருந்திருக்காது. வடகிழக்கு மாநிலங்களில் சாலைக்கும் தோட்டத்துக்குமாகக் காடு வெட்டப்படும் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அசாம், அருணாச்சலம், மிசோரம் காடுகளில் இன்னும் யாரும் சோதித்துப் பார்க்காத காட்டு வாழைகள் நிற்கின்றன.

இப்போது ரஸ்தாளிக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட ‘வாடாத ரஸ்தாளி’யை நெருங்கிய ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, பிரேசிலில். பாஹியா மாநிலத்தின் குரூஸ் தாஸ் அல்மாஸ் ஊரில் உள்ள எம்ப்ராப்பா வேளாண் ஆராய்ச்சி நிலையம், ரஸ்தாளிக் குழுவைச் சேர்ந்த ஒரு வாழையை எம்-53 என்ற இருமய வாழையோடு சேர்த்து ‘டிராப்பிகல்’, ‘பிரின்செசா’ என்ற இரண்டு ரகங்களை எடுத்தது. மாசா வாழையின் ருசியை ஒட்டிய பழம், முதல் வகை வாடலையும் தாங்குகிறது. ஆனால் இவை நான்மய வாழைகள். நான்மயத்தின் பொதுவான குறை, பழுத்ததும் பழம் சீப்பிலிருந்து உதிர்வது. பிரின்செசாவிலும் அந்தத் தொல்லை உண்டு. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சீப்பு சீப்பாக வாங்கும் நம் சந்தையில் அது சின்னக் குறை அல்ல. அதனால் ‘ஏன் செய்யவில்லை’ என்பதற்குப் பதில், ‘செய்கிறார்கள், ஆனால் எதிர்ப்பைச் சேர்த்தால் ரஸ்தாளியின் ஏதோ ஒரு குணம் நழுவுகிறது’ என்பதுதான்.

பூவனைத் தந்தையாக வைக்க முடியாததற்கு மகரந்த மலடு முதல் காரணம். பொதுவாகவே ‘பி’ தொகுதியை எதிர்ப்புக்கு நம்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பால்பிசியானாவிலிருந்து வரும் ‘பி’ தொகுதி வறட்சியையும் பல நோய்களையும் தாங்கும். அதே நேரம் அதன் குரோமோசோமுக்குள்ளேயே வாழைக் கோட்டு வைரஸின் துண்டுகள் செருகிக் கிடக்கின்றன. சாதாரணமாக அவை சும்மா இருக்கும். கலப்பினம் செய்யும்போதும், திசு வளர்ப்பின் அழுத்தத்திலும் சில துண்டுகள் விழித்துக்கொண்டு முழு வைரஸாகிவிடும். அதாவது நோயில்லாத தாயும் நோயில்லாத தந்தையும் சேர்ந்து நோயுள்ள பிள்ளையைப் பெறலாம். இதனால் உலகம் முழுக்கப் பல கலப்பினங்கள் வெளியிடப்படாமலே நின்றுபோயின. 2019இல் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தைச் சேர்ந்த லீனா திரிபாதி குழுவினர் மரபணுத் திருத்தம் மூலம் கிழக்கு ஆப்பிரிக்க வாழை ஒன்றில் அந்தத் துண்டுகளைச் செயலிழக்கச் செய்து காட்டினார்கள். காட்டு ‘பி’ தொகுதியைப் பயமின்றிப் பயன்படுத்த இது கதவைத் திறந்திருக்கிறது. வாழை ஆராய்ச்சியில் அண்மைக் காலத்தில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த வேலை இது.

மரபணு மாற்றம் பற்றியும் கேட்பீர்கள். 2012இல் வாழையின் மரபணுத் தொகுதி முழுதாகப் படிக்கப்பட்டது. அதற்குப் பயன்பட்ட செடி, டி.ஆர்.4ஐத் தாங்கும் மலேசியக் காட்டு அக்யூமினாட்டா துணையினத்தைச் சேர்ந்தது. அந்தத் துணையினத்திலிருந்து ‘ஆர்.ஜி.ஏ-2’ என்ற எதிர்ப்பு மரபணுவை எடுத்து, ஜேம்ஸ் டேல் தலைமையில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கேவண்டிஷில் வைத்தது. க்யூ.சி.ஏ.வி-4 என்ற அந்த வாழைக்கு 2024இல் ஆஸ்திரேலியா அனுமதி கொடுத்தது. அதே மரபணு சாதாரணக் கேவண்டிஷிலும் இருக்கிறது, ஆனால் மிக மந்தமாக வேலை செய்கிறது என்பது இதில் சுவையான செய்தி. நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையம், பூஞ்சாணத்தின் உயிர்நாடியான மரபணுக்களை முடக்கும் முறையை ரஸ்தாளியிலேயே சோதித்து 2014இல் வெளியிட்டது. 2018இல் மொகாலியில் உள்ள தேசிய வேளாண்-உணவு உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம், ரஸ்தாளியில் மரபணுத் திருத்தம் சாத்தியம் என்று காட்டியது. இலைப் பச்சைக்குத் தேவையான ஒரு மரபணுவை முடக்கி, வெளுத்த கன்றுகளை உருவாக்கி நிரூபித்தார்கள். இவை ஆய்வகப் படிகள். உங்கள் வயலுக்கு வந்து சேர்ந்தவை அல்ல. ரஸ்தாளி போல விதையே வைக்காத, ருசி மாறினால் மதிப்பே போய்விடும் ரகத்துக்கு, ருசியைத் தொடாமல் எதிர்ப்பை மட்டும் சேர்க்கும் இந்த வழிதான் கடைசியில் கைகொடுக்கும் என்பது என் கணிப்பு.

ஆனால் ஒரே மரபணுவை நம்பி ஒரு நாட்டின் வாழை முழுவதையும் நட்டால் பழைய கதைதான் திரும்பும். கோகோ மரத்தில் இது நடந்தது. பிரேசிலின் பாஹியாவில் ஒரே சாயலுள்ள கோகோ மரங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்தன. 1989இல் மந்திரக்காரியின் துடைப்பம் என்று அழைக்கப்படும் பூஞ்சாண நோய் அங்கே நுழைந்து, சில ஆண்டுகளில் அந்தப் பொருளாதாரத்தையே நொறுக்கியது. எதிர்ப்பைத் தேடி எல்லாரும் ஓடியது ஸ்காவினா-6 என்ற கோகோ வகையிடம். 1930களில் பவுண்ட் என்ற ஆராய்ச்சியாளர் பெரு நாட்டு அமேசான் பகுதியில் சேகரித்தது. அதன் வாரிசுகளை நிறைய நட்டார்கள், ஆரம்பத்தில் தாங்கின. எல்லாரும் அந்த ஒரே மூலத்தைச் சார்ந்ததால் பூஞ்சாணம் அதற்கும் வழி கண்டுபிடிக்கத் தொடங்கியது. பிறகுதான் வேறு வேறு மூலங்களிலிருந்து எதிர்ப்பைச் சேர்த்து அடுக்கும் வேலை வேகம் பிடித்தது. வாழையிலும் அப்படி இரண்டு மூன்று எதிர்ப்புகளை ஒரே செடியில் அடுக்க வேண்டும். அடுக்குவதற்குக் கைவசம் வெவ்வேறு எதிர்ப்புகள் வேண்டுமே. அவை காட்டிலும் சேகரிப்புகளிலும் உயிரோடு இருந்தால்தான் உண்டு. பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1985இல் தொடங்கிய பன்னாட்டு வாழைச் சேகரிப்பு 1,600க்கும் மேற்பட்ட வகைகளைக் குழாயிலும் கடுங்குளிரிலும் காத்துவருகிறது. நம்மிடம் 1993இல் தொடங்கிய திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் வயலில் நூற்றுக்கணக்கான வகைகள் நிற்கின்றன.

எதிர்ப்பே கைக்கு வராத நோய்களும் உண்டு. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோயான முடிக்கொத்து அப்படி. பழனி மலையில் விருப்பாட்சி, சிறுமலை வாழைகளின் பரப்பை அது சுருக்கிய விதம் திண்டுக்கல் பக்கத்து மனிதர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாகுபடி ரகங்களில் எதிலும் அதற்கு முழு எதிர்ப்புக் கிடைக்கவில்லை. அங்கே கைகொடுத்தது வைரஸ் சோதித்த திசு வளர்ப்புக் கன்றும், நோயுற்றதை உடனே பிடுங்கி அழிப்பதும், அசுவினியைக் கட்டுப்படுத்துவதும்தான்.

இதில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். நாற்றுப்பண்ணையில் ‘நோயற்ற கன்று’ என்று விற்பது நோயைச் சுமந்து வராத கன்று. நோயை எதிர்க்கும் கன்று அல்ல. வாடல் உள்ள மண்ணில் வைத்தால் திசு வளர்ப்பு ரஸ்தாளியும் வாடத்தான் செய்யும். விலை கொடுத்து வாங்கி இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நஷ்டப்பட்டவர்கள் பலர்.

ஆக, இன்று உங்கள் வயலுக்கு என்ன செய்யலாம்? வாடல் வந்த மண்ணில் ரஸ்தாளி, மொந்தன், செவ்வாழை, விருப்பாட்சி வேண்டாம். பூவன் வைக்கலாம், கேவண்டிஷ் வைக்கலாம். தண்ணீர் வசதி இருந்தால் இடையில் மூன்று முதல் ஐந்து ஆண்டு நெல் போடுங்கள். நீர் தேங்கிய மண்ணில் பூஞ்சாண வித்து குறையும், முழுதாக ஒழியாது. ரஸ்தாளி வைத்தே தீர வேண்டுமென்றால் இதுவரை வாடல் காணாத நிலத்தைத் தேர்ந்தெடுத்து, திசு வளர்ப்புக் கன்றோ, நோயே வராத தோட்டத்துக் கன்றோ வையுங்கள். வாடிய தோட்டத்தில் நன்றாகத் தெரியும் மரத்தடியில் எடுத்த கன்றும் ஆபத்து. வெளியே அறிகுறி இல்லாமலே கிழங்குக்குள் பூஞ்சாணம் இருக்கும். மறுதாம்பு, அதாவது வெட்டிய மரத்தின் கன்றை அடுத்த பயிராக, விடாதீர்கள். நூற்புழுவைக் கவனியுங்கள், வேர்க்காயம் நோய்க்கு வாசல். புளித்த (அமில) மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு இடுங்கள். வாடிய மரத்தைக் கிழங்கோடு எடுத்து, குழியில் சுண்ணாம்பு போட்டு, அந்தக் குழி வழியாக அடுத்த மரங்களுக்குப் பாசனத் தண்ணீர் ஓடாதபடி வரப்பு கட்டுங்கள். மண்வெட்டி, கடப்பாரை, டிராக்டர் சக்கரம் ஆகியவற்றில் ஒட்டிய மண்ணைக் கழுவாமல் அடுத்த வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நிலம் முழுக்க ஒரே ரகம் வைக்காமல் இரண்டு மூன்று குழு ரகங்களைப் பிரித்து வையுங்கள். ரஸ்தாளி, பச்சநாடன், நெய்ப்பூவன் என்று மூன்று பெயர் இருந்தாலும் மூன்றும் வாடலுக்கு ஆளாகக்கூடியவை. பெயரைப் பார்க்காமல் எது எந்த நோய்க்குப் பணியும் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ரஸ்தாளி வாடினால் அது பழைய பகை. ஜி-9 அல்லது ரொபஸ்டா அடி இலை மஞ்சளாகி ஒடிந்து, கிழங்கில் செம்பழுப்புக் கோடு தெரிந்தால், அந்த மரத்தை நீங்களாக வெட்டி எங்கும் இழுத்துப் போகாதீர்கள். அன்றே தோட்டக்கலைத் துறையிலோ திருச்சி மையத்திலோ சொல்லி, அவர்கள் வந்து மாதிரி எடுக்கும் வரை அந்தப் பாத்திக்குத் தண்ணீரை நிறுத்தி, ஆள் நடமாட்டத்தையும் நிறுத்தி வையுங்கள்.